பெயருக்குப் பக்கத்தில் ஒரு எண்: தாவரக் கணக்கெடுப்புக்கு ஆணையிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஒரு வட்டாரத்தின் காட்டுத் தாவரங்களைக் கணக்கெடுக்க ஆணையிடுகிறவர்கள், அதற்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், கடைசியில் வந்துசேரும் அறிக்கையைப் பார்த்துக் கையெழுத்திடுகிறவர்கள், உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிக்கையில் வரும் ஒவ்வொரு சிற்றினத்துக்கும் ஆதாரமாக ஓர் உலர் மாதிரி, அதாவது அழுத்திக் காயவைத்துத் தாளில் ஒட்டிய செடி, இருக்க வேண்டும். அது யாரும் போய்ப் பார்க்கக்கூடிய ஒரு ஹெர்பேரியத்தில், அதாவது இப்படிப்பட்ட மாதிரிகளைச் சேமித்து வைக்கும் காப்பகத்தில், இருக்க வேண்டும். அந்த மாதிரியின் எண், அறிக்கையில் செடியின் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சாக வேண்டும். இதை நிபந்தனையாக ஆணையில் சேருங்கள். அதற்கான காலத்தையும் பணத்தையும் சேர்த்தே ஒதுக்குங்கள்.

சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் இந்த ஒன்று இல்லாததால், உழைத்துச் செய்த கணக்கெடுப்புகள் பல, சரிபார்க்க முடியாத பெயர் வரிசையாக நின்றுவிடுகின்றன.

நீங்கள் பெறும் அறிக்கை ஒன்றைத் திறந்து பாருங்கள். வரிசை எண், அறிவியல் பெயர், குடும்பம், செடியா கொடியா மரமா என்ற குறிப்பு, பார்த்த இடங்களுக்கு நேரே ஒரு டிக். இப்படி நானூறு, ஐந்நூறு வரிகள். நடுவில் எங்கோ ஒரு கோரையின் பெயர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோரைக்கும் அதன் நெருங்கிய உறவுக்கும் உள்ள வேறுபாடு, அரை மில்லிமீட்டர் விதையின் மேல்பரப்பு வழவழப்பாக இருக்கிறதா, குழிகுழியாக இருக்கிறதா என்பதில் இருக்கும். எழுதியவர் விதையை லென்ஸில் பார்த்தாரா? அல்லது பக்கத்து வட்டாரத்தின் பழைய பட்டியலில் இந்தப் பெயர்தான் இருந்தது என்று எழுதிவிட்டாரா? அறிக்கையைப் படித்துக் கண்டுபிடிக்கவே முடியாது. இரண்டு வரியும் அச்சில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இதன் விலை பத்து இருபது வருடம் கழித்துத் தெரியும். இன்னொரு குழு அதே வட்டாரத்துக்குப் போகிறது. அந்தக் கோரை கிடைக்கவில்லை. இப்போது என்ன எழுதுவது? அழிந்துபோய்விட்டது என்றா? அது அங்கே இருந்ததே இல்லை, முதல் குழு வேறொன்றை அப்படிப் பெயரிட்டிருக்கிறது என்றா? மாதிரி இருந்தால் பத்து நிமிடத்தில் விடை கிடைக்கும். இல்லாவிட்டால் எத்தனை ஆண்டானாலும் கிடைக்காது. ஒரு சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற வேண்டுமா என்ற வழக்கில் இந்த ஒரு வரி சாட்சியாக வரலாம். அப்போது அதை நம்பச் சொல்ல நம்மிடம் எதுவும் இருக்காது.

பெயர்கள் நிலையாக நிற்பவையும் அல்ல. கருவேல மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1753-இல் அதற்கு வைத்த பெயர் மைமோசா நிலோட்டிகா. அப்புறம் அது அகேசியா பேரினத்துக்குப் போய் இரண்டு நூற்றாண்டுக்கு நெருக்கமாக அங்கேயே இருந்தது. உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களைச் சேர்த்து வைத்திருந்த அந்தப் பேரினம் ஒரே மூதாதையிடமிருந்து வந்த கூட்டம் அல்ல என்று ஆய்வுகள் காட்டியதும், அதைப் பிரிக்க வேண்டி வந்தது. 2005-இல் வியன்னாவில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் அகேசியா என்ற பெயர் ஆஸ்திரேலியக் கூட்டத்துக்குப் போனது. 2011-இல் மெல்போர்ன் மாநாடும் அதையே உறுதிசெய்தது. கருவேலம் இப்போது வாச்செல்லியா நிலோட்டிகா.

இந்த மாதிரி மாற்றத்தை மேசையில் உட்கார்ந்தே சமாளித்துவிடலாம். பழைய பெயரை அடித்துவிட்டுப் புதிய பெயரை எழுதினால் போதும். சிக்கல் வருவது, ஒன்று என்று நினைத்திருந்த சிற்றினம் இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும்போது. உங்கள் வட்டாரத்தில் பார்த்தது அந்த மூன்றில் எது? பட்டியல் வாயே திறக்காது. மாதிரி மட்டும்தான் பதில் சொல்லும்.

2022-இல் நடந்ததைப் பாருங்கள். மூன்று மீட்டர் அகலம் வரை இலை விரிக்கும் ராட்சத அல்லி ஒன்றுக்கு விக்டோரியா பொலிவியானா என்று புதிதாகப் பெயர் வைத்தார்கள். உலகத்திலேயே மிகப் பெரிய அல்லி அதுதான். அதன் உலர் மாதிரி லண்டன் கியூ ஹெர்பேரியத்தில் 177 ஆண்டுகளாக வேறொரு பெயரில் இருந்திருக்கிறது. பெயர் தவறாகவே இருந்தும், செடி தாளில் ஒட்டியிருந்ததால் தவறைத் திருத்த முடிந்தது. அந்த இடத்தில் வெறும் பெயர் எழுதிய குறிப்பேடு மட்டும் இருந்திருந்தால், அந்தப் பழைய பதிவைத் திருத்தவோ புதிய இனத்தோடு சேர்க்கவோ யாராலும் முடிந்திருக்காது.

மாதிரி இல்லாமல் போனால் எவ்வளவு உழைப்பு தேவைப்படும் என்பதற்கு ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் நல்ல சாட்சி. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த அந்த நூலில், மலபார்க் கரையின் தாவரங்கள் அற்புதமான படங்களாக இருக்கின்றன. இட்டி அச்சுதன் வைத்தியர் போன்றவர்களின் அறிவு அதற்குள் இருக்கிறது. லின்னேயஸே தன் நூலில் அந்தப் படங்களை மேற்கோள் காட்டித்தான் பல இனங்களுக்குப் பெயரிட்டார். ஆனால் அந்தப் படங்களோடு சரிபார்க்க உலர் மாதிரிகள் வந்துசேரவில்லை. இந்தப் படம் எந்தச் செடி என்ற விவாதம் முந்நூறு ஆண்டு நீண்டது. தாவரவியலாளர் கே. எஸ். மணிலால் தன் வாழ்க்கையின் பெரும்பகுதியைச் செலவழித்து, அந்தச் செடிகளைத் திரும்பக் களத்தில் தேடிச் சேகரித்து அடையாளம் காண வேண்டியிருந்தது. அத்தனை நேர்த்தியான படங்களுக்கே இந்த நிலைமை என்றால், டிக் போட்ட அட்டவணைக்கு என்ன நிலைமை என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இப்போதுதான் எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறதே, படம் எடுத்தால் போதாதா என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. படத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. காய்ந்தால் பூவின் நிறம் போய்விடும், செடி நின்ற நிலை தெரியாது, மரப்பட்டை தெரியாது, சுற்றி என்ன வளர்ந்திருந்தது என்பதும் தெரியாது. இதையெல்லாம் படம் நன்றாகக் காட்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் நாலைந்து படங்கள் சேர்த்து வைப்பது இன்றைக்குக் கட்டாயம் என்றே சொல்வேன். ஆனால் சூலகத்தை அறுத்து உள்ளே எத்தனை அறை என்று படத்தில் பார்க்க முடியாது. புல்லின் சிறுகதிரைப் பிரித்து உமிகளின் நரம்புகளை எண்ண முடியாது. இலையின் அடிப்பக்கத்து ரோமம் ஒற்றையா, நட்சத்திர வடிவில் கிளைத்ததா என்று தெரியாது. செயலி ஒரு பெயர் சொல்லும். அந்தப் பெயரை எதை வைத்துச் சரிபார்ப்பது? இனங்களுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதித்தொகுப்பே இந்த விஷயத்தில் கறாராக இருக்கிறது. 1958 முதல், புதிய சிற்றினத்துக்குப் பெயர் சூட்டுகிறவர் அதன் மூலமாதிரியை, அதாவது அந்தப் பெயர் எந்தச் செடிக்கு உரியது என்று நிலைநிறுத்தும் மாதிரியை, குறிப்பிட்டே ஆக வேண்டும். 1990 முதல், அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. மாதிரியைச் சேகரித்தவர் கனவில்கூட நினைக்காத கேள்விகளுக்கு அது பின்னாளில் விடை தருகிறது. 1987-இல் வுட்வர்ட் என்ற ஆய்வாளர், இருநூறு ஆண்டு கால ஹெர்பேரியத் தாள்களில் இருந்த இலைகளின் துளைகளை எண்ணினார். காற்றில் கரியமில வாயு கூடக்கூட இலைத்துளைகள் சுமார் 40 சதவீதம் குறைந்திருப்பது தெரிந்தது. 1840-களில் அயர்லாந்தில் பஞ்சத்தைக் கொண்டுவந்த உருளைக்கிழங்கு நோயின் கிருமி வகை எது என்பதை, அந்தக் காலத்தில் யாரோ எடுத்து உலர்த்தி வைத்த நோயுற்ற இலைகளின் டி.என்.ஏ-வை வைத்து 2013-இல் கண்டுபிடித்தார்கள். அந்த இலையைப் பறித்தவருக்கு டி.என்.ஏ என்றால் என்னவென்றே தெரியாது. இலையைத் தாளில் ஒட்டி, இடமும் தேதியும் எழுதி வைத்தார், அவ்வளவுதான்.

மாதிரி எடுக்கச் சொன்னால் செடியை அழிக்கச் சொல்வதாகச் சிலர் பதறுகிறார்கள். அந்தப் பதற்றத்தை மதிக்கிறேன். மரத்தில் ஒரு சிறு கிளையை வெட்டுவதால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. சின்னச் செடிகளில், கண்ணில் படும் இருபதில் ஒன்றுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற வழக்கம் களப்பணியாளர்களிடம் இருக்கிறது. மொத்தமே மூன்று நான்கு செடிதான் நிற்கிறது என்றால் பிடுங்கவே கூடாது. பூவோடும் இலையோடும் படம் எடுத்து, ஒரு சின்ன இலைத்துண்டை ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட்டு, ஏன் முழு மாதிரி இல்லை என்று எழுதினால் போதும். இந்த விதிவிலக்கையும் உங்கள் ஆணையிலேயே எழுதிவிடலாம்.

மாதிரி என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் தாளில் ஒட்டித் தருவதும் நடக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிபந்தனை வந்துவிட்டால் அதைப் பேருக்கு நிறைவேற்றும் வழிகளும் கூடவே வரும். இலை மட்டும் இருக்கும் கிளை பெரும்பாலும் பயன்படாது. பூ வேண்டும், முடிந்தால் காயும் வேண்டும். புல்லும் கோரையும் என்றால் வேரோடு, மண்ணுக்குள் படரும் மட்டத்தண்டோடு வேண்டும். கோரையில் முற்றிய விதை இல்லாவிட்டால் பல நேரம் பெயரே சொல்ல முடியாது. பெரணியில் இலையின் அடியில் இருக்கும் வித்துப்பைகள் தெரிய வேண்டும், அதனால் ஓர் இலையையாவது திருப்பி வைத்து அழுத்த வேண்டும். கிழங்குச் செடியில் கிழங்கு வேண்டும். சுரை, பாகற்காய்க் குடும்பத்துக் காட்டுக் கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் வேண்டும். சில இனங்களில் ஆண் ஒரு கொடி, பெண் வேறொரு கொடி. பக்கத்தில் தேடினால்தான் கிடைக்கும்.

செடியளவுக்கு லேபிளும் முக்கியம். இடத்தின் பெயர், ஜி.பி.எஸ் எண்கள், கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, சேகரித்தவர் பெயர், அவருடைய தொடர் எண். அதோடு, காய்ந்தபின் தெரியாமல் போகும் எல்லாமும்: மரம் எவ்வளவு உயரம், பூவின் நிறம் என்ன, கிள்ளினால் பால் வருகிறதா, கசக்கினால் என்ன வாசனை, நின்றது பாறை இடுக்கிலா ஓடைக்கரையிலா. அந்தச் செடியை அடையாளம் காட்டியவர் உள்ளூர்க்காரர் என்றால், அவர் சம்மதித்தால், அவர் பெயரும் லேபிளில் வர வேண்டும். பழைய லேபிள்களில் துரைமார் பெயர் மட்டும் இருக்கிறது. கூட நடந்து வழி காட்டி, மரமேறிக் கிளை வெட்டிக் கொடுத்தவரின் பெயர் பெரும்பாலும் இல்லை. அதை இனியாவது தொடராமல் இருக்கலாம்.

புல், கோரை இரண்டையும் தனியாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு புல்வெளியின் கணக்கெடுப்பில் அங்கே வளரும் புற்களை "பல வகைப் புற்கள்" என்று ஒரே வரியில் முடித்த அறிக்கையைப் படித்திருக்கிறேன். அங்கே மேய்ச்சலைத் தாங்குவதும் மண்ணைப் பிடித்து நிறுத்துவதும் அந்தப் புற்கள்தான். கண்ணைக் கவரும் பூக்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைத்திருந்தது. பணிக்காலம் குறைவாக இருந்தால் எந்தக் குழுவும் எளிதானதை முதலில் முடிக்கும். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். காலத்தைக் குறைத்துக் கொடுத்தவர்கள்தான் இதை யோசிக்க வேண்டும்.

காலம் பற்றிச் சொல்கிறேன். நிதியாண்டு முடிவதற்குள் அறிக்கை வேண்டும் என்று மூன்று மாதக் கணக்கெடுப்புக்கு ஆணை போகிறது. ஆணை கையில் கிடைப்பதற்குள் மழைக்காலம் முடிந்திருக்கும். முதல் மழைக்கு முளைத்து சில வாரங்களில் பூத்து, காய்த்து, மறைந்துபோகும் ஓராண்டுச் செடிகள் அந்த அறிக்கையில் இருக்கவே முடியாது. மழைக்கு முன் இலையில்லாமல் பூத்துவிட்டு, அப்புறம் இலை விடும் கிழங்குச் செடிகளும் அப்படித்தான். ஒரே வட்டாரத்துக்கு ஒரு முழு ஆண்டாவது, எல்லாப் பருவத்திலும் போனால்தான் கணக்கெடுப்பு என்ற பெயருக்குப் பொருள் உண்டு. பிரேசிலின் தாவரங்களை எழுதிய மார்சியஸின் பெரும்பணி 1840-இல் தொடங்கி 1906-இல், அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் முடிந்தது. வெப்பமண்டலக் கிழக்கு ஆப்பிரிக்கத் தாவரத் தொகுதியின் முதல் பகுதி 1952-இல் வந்தது, கடைசிப் பகுதி 2012-இல் வந்தது. சுமார் 12,000 சிற்றினங்களுக்கு 60 ஆண்டு. அவ்வளவு காலத்தை உங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒன்றிரண்டு ஆண்டும், சில வருடங்கள் கழித்து அதே இடத்துக்குத் திரும்பிப் போக ஒரு ஏற்பாடும் கேட்கிறோம்.

திரும்பிப் போவதற்கு வசதியாக முதல் முறையே எழுதி வைக்க வேண்டியதும் இருக்கிறது. எந்தக் கட்டங்களுக்குப் போனோம், எத்தனை மணி நேரம் தேடினோம், எங்கே போகவே இல்லை என்பது அறிக்கையில் இருக்க வேண்டும். பிரிட்டனில் நாட்டைப் பத்துக் கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, தன்னார்வலர்களின் துணையோடு தாவரங்களைப் பதிந்து, 1962-இல் வரைபடத் தொகுப்பு வெளியிட்டார்கள். அதே கட்டங்களில் மறுபடி மறுபடி பதிந்ததால்தான், 2023-இல் வந்த புதிய தொகுப்பில், அங்கே இயல்பாகவே வளரும் தாவரங்களில் பாதிக்கும் மேற்பட்டவை குறைந்திருக்கின்றன என்று ஆதாரத்தோடு சொல்ல முடிந்தது. போகாத இடத்தையும் போய்த் தேடிக் கிடைக்காத இடத்தையும் ஒன்றாக வெற்றிடமாக விட்டிருந்தால் இந்த முடிவு வந்திருக்காது.

இனி பணம். வண்டி வாடகை, தங்குமிடம், கேமரா, அச்சுச் செலவு எல்லாம் உங்கள் திட்டத்தில் இருக்கின்றன. மாதிரிக்குப் பெயர் கண்டுபிடிப்பவரின் காலத்துக்கு ஒரு தலைப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. களத்தில் ஒரு நாள் என்றால், அதில் கிடைத்தவற்றை உலர்த்தி, ஒட்டி, லென்ஸில் பார்த்து, பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பெயர் வைக்கப் பல நாள் பிடிக்கும். அந்த நாட்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்காததால் மாதிரிக் கட்டுகள் மூலையில் கிடக்கின்றன. 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, புதிய சிற்றினங்களில் 16 சதவீதம் மட்டுமே சேகரித்த ஐந்து ஆண்டுக்குள் விவரித்து வெளியிடப்பட்டன. கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குக்கு, ஐம்பது ஆண்டுக்கும் பழைய மாதிரிகள் தேவைப்பட்டன. 2015-இல் இன்னோர் ஆய்வு, ஆப்பிரிக்காவின் இஞ்சிக் குடும்பத்து அஃப்ரமோமம் பேரினத்தின் மாதிரிகளைப் பார்த்தது. அந்தப் பேரினத்தை ஒருவர் முழுமையாக ஆராய்ந்து எழுதுவதற்கு முன்பு, 58 சதவீத மாதிரிகளில் பெயர் தவறாகவோ, பழையதாகவோ, முழுமையில்லாமலோ இருந்திருக்கிறது. ஹெர்பேரியத்திலேயே இப்படி என்றால் மாதிரியை நம்புவது எப்படி என்று கேட்கலாம். தாள் கையில் இருந்ததால்தான் அந்தத் தவறை எண்ணவே முடிந்தது. மாதிரி இல்லாத நம் பட்டியல்களில் எத்தனை சதவீதம் தவறு? எண்ணிப் பார்க்க வழியே இல்லை. ஆகவே மொத்தத் தொகையில் ஒரு கணிசமான பங்கைப் பெயர் காணும் வேலைக்கும் மாதிரிப் பராமரிப்புக்கும் என்று தனித் தலைப்பில் ஒதுக்குங்கள். வகைப்பாட்டியல் படித்த இளைஞர்கள் வேறு வேலை தேடிப் போவதற்கு முதல் காரணம் இந்தத் தலைப்பு இல்லாததுதான் என்று நான் நம்புகிறேன்.

ஒவ்வொரு எண்ணிலும் குறைந்தது இரண்டு படிகள் எடுத்து, வெவ்வேறு ஊரில் உள்ள இரண்டு ஹெர்பேரியங்களில் வைக்கச் சொல்லுங்கள். 1943 மார்ச்சில் குண்டுவீச்சில் பெர்லின் ஹெர்பேரியம் எரிந்தது. சுமார் நாற்பது லட்சம் மாதிரிகளில் பெரும்பகுதி போய்விட்டது, மூலமாதிரிகள் உட்பட. வேறு ஊர்களுக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்த படிகள்தான் பல இனங்களுக்குக் கைகொடுத்தன. 1929 முதல் ஐரோப்பிய ஹெர்பேரியங்களுக்குப் போய் மூலமாதிரிகளைப் படமெடுத்த அமெரிக்கத் தாவரவியலாளர் மெக்பிரைடின் புகைப்படங்களும் உதவின. தீ இல்லாவிட்டாலும் வண்டு இருக்கிறது. ஒழுங்காகப் பராமரிக்காத மாதிரிக் கட்டு ஒன்றை அது சில மாதத்தில் பொடியாக்கிவிடும்.

உங்கள் அலுவலகத்தில் அடுத்த ஆணையைத் தயாரிக்கும்போது அப்படியே எடுத்துப் பயன்படுத்திக்கொள்ள ஒரு பத்தி எழுதித் தருகிறேன்:

"அறிக்கையில் இடம்பெறும் ஒவ்வொரு சிற்றினத்துக்கும், பூ அல்லது காய் உள்ள உலர் மாதிரி இரண்டு படிகளாவது சேகரிக்கப்பட்டு, பொதுமக்கள் அணுகக்கூடிய இரு ஹெர்பேரியங்களில் ஒப்படைக்கப்பட வேண்டும். மாதிரியின் எண், சேகரித்த இடம், தேதி, பெயர் கண்டவரின் பெயர் ஆகியவை அறிக்கையில் இருக்க வேண்டும். அரிதாக இருப்பதால் மாதிரி எடுக்கப்படாத இனங்களுக்குப் படமும் காரணமும் தரப்பட வேண்டும். முந்தைய நூல்களிலிருந்து எடுத்த பெயர்கள் தனிப் பட்டியலில் இருக்க வேண்டும். ஹெர்பேரியம் தரும் பெறுகைச் சீட்டு இணைக்கப்பட்ட பிறகே இறுதித் தவணை வழங்கப்படும்."

கடைசி வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள்.

அடுத்த ஆணை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஏற்கெனவே முடிந்த கணக்கெடுப்புகளை நடத்தியவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பி, உங்களிடம் அழுத்திவைத்த கட்டுகள் ஏதாவது மிச்சம் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பலரிடம் இருக்கும். பிளாஸ்டிக் பையில் காற்றுப்புகாமல் கட்டி, ஒரு வாரம் ஆழ் உறைபெட்டியில் வைத்துப் பூச்சியைக் கொன்றுவிட்டு, களக் குறிப்பேட்டோடு பக்கத்து ஹெர்பேரியத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். லேபிள் எழுதாமல் இருந்தாலும் பரவாயில்லை, சேகரித்தவருக்கு நினைவு இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிவிடலாம். அதற்கான கூரியர் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகக் கடிதத்திலேயே சொல்லிவிட்டால் நிறையக் கட்டுகள் வந்துசேரும்.

இப்படிக்கு,
ஹெர்பேரியத் தாள்களோடு வேலை பார்க்கும் ஒருவர்